முதல் மிதிக்கு நிற்காத வண்டி

அன்புள்ள தம்பி,

நாளை காலை வண்டிச் சாவியைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் இந்த முதல் பத்தியை மட்டுமாவது படி. உன் வேனின் பிரேக்கில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பின்பக்கம், இடது சக்கரம். நாளை அமாவாசை. மேல்மலையனூர் கோயில் பந்தோபஸ்துக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு வேன் நிறையக் காவலர்களை ஏற்றிக்கொண்டு செஞ்சி வழியாகப் போகப்போகிறாய். அந்த வண்டியில் அத்தனை பேரை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போகாதே. அப்பனுக்கு வயசாகிவிட்டது, எதைப் பார்த்தாலும் பயம் என்று நீ ஒதுக்கிவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நேற்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நீ எடுக்கவில்லை. வண்டியில் இருக்கிறாயோ என்று முதலில் நினைத்தேன். நீ டிரைவராக வேலைக்குச் சேர்ந்த அன்று நான் உன்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் போனைத் தொடாதே, அதிகாரி கூப்பிட்டாலும் சரி, உன் அப்பன் கூப்பிட்டாலும் சரி என்றேன். அதை நீ இன்றுவரை மீறியதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நீ சாப்பிடுகிற நேரத்திலும் தூங்கப்போகிற நேரத்திலும் மணி அடித்து அடித்து ஓய்ந்தபோதுதான் இது அந்தக் கட்டுப்பாடு இல்லை, கோபம் என்று புரிந்தது. வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். அதையும் நீ திறந்து கேட்கவில்லை. நேரில் வந்தால் நான் கத்துவேன், நீ எழுந்து போய்விடுவாய். நம் இரண்டு பேருக்கும் பேச்சு எப்போதும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. காகிதத்தில் எழுதினால் குரல் உயராது. அம்மா அமாவாசைச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடித்து, திண்டிவனம் பஸ் ஏறி, இதை உன் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவதாக உத்தேசம்.

உன் கூட்டாளி டிரைவர்களும் இதைப் படிக்கட்டும். ஒளிக்கிற மாதிரி இதில் எதுவும் இல்லை. அவர்களுக்காக உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. விழுப்புரத்தில் காவல்துறை வண்டிகளைப் பழுதுபார்க்கிற பட்டறையில்தான் என் தலைமுடி நரைத்தது. ஜீப், வேன், தண்ணீர் பீய்ச்சுகிற வண்டி, கைதிகளை ஏற்றிப்போகிற வண்டி என்று எல்லாவற்றின் அடியிலும் மல்லாந்து படுத்திருக்கிறேன். உன் அம்மா முகத்தைப் பார்த்த நேரத்தைவிட வண்டிகளின் வயிற்றைப் பார்த்த நேரம் அதிகம் என்று அவளே சொல்லுவாள். அந்த வயிறுகளில் ஒன்றை நம்பி உன்னை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

வாகன ஆய்வு என்றால் என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. மைதானத்தில் வண்டிகளைக் கோடு போட்ட மாதிரி வரிசையாக நிறுத்துவோம். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதில் ஜாக்கி, ஸ்பானர், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் கொலு மாதிரி அடுக்குவோம். டிரைவர் விறைப்பாகப் பக்கத்தில் நிற்பார். அதிகாரி வருவார், பார்ப்பார், கேட்பார். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பலபேர் நன்றாகவே கேட்பார்கள். தப்பு நம் பக்கம். ஆய்வுக்கு முந்தின வாரம் வண்டிகளை நாம் கல்யாணப் பெண் மாதிரி ஜோடிப்போம். டயருக்குக் கறுப்பு பாலிஷ், சீட்டுக்குப் புது உறை. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும், வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் பழைய ஆயிலையும் டீசலையும் கலந்து பீய்ச்சி அடிப்போம். அடித்தால் அடிவயிறு கறுப்பு வைரம் மாதிரி மின்னும். குனிந்து பார்க்கிற யாருக்கும், ஆகா, எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறான் என்று தோன்றும். எல்லாமே ஈரமாக இருந்தால் எது ஒழுகுகிறது என்று யாருக்குத் தெரியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். வண்டியின் அடியில் தாராளமாக மறைக்கலாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆய்வு வாரத்தில் எந்த வண்டிக்கும் நோய் வரக்கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை, டிரைவர்கள் தமக்குத்தாமே வைத்துக்கொண்டது. அந்த வாரத்தில் பிரேக் சரியில்லை என்று பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தால், இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று முதல் கேள்வி வரும். வரிசையில் உன் வண்டி இருக்காது. அதனால் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆய்வு முடியட்டும் என்று இருப்பார்கள். ஆய்வு முடிந்ததும் கை ஓயும், மனசும் ஓயும். ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கலாம் என்று தள்ளுவார்கள். அந்த ஒரு வாரம்தான் எனக்கு எப்போதும் பயம்.

ஏழுமலையை உனக்கு நினைவிருக்கும். என்னோடு வேலை பார்த்த ஜீப் டிரைவர், வீட்டுக்கு வந்தால் அம்மா கையால் கேப்பைக் கூழ் வாங்கிக் குடிக்காமல் போகமாட்டார். அவர் ஜீப் ஆய்வில் முதலாக வரும், அதற்குப் பிறகு ஏதாவது ஒன்று நடக்கும். ஒரு முறை சுவரில் இடித்தது, ஒரு முறை மாட்டு வண்டியில் முட்டியது. "அத்தினி பெரிய ஆபீசருங்க கண்ணு படுதில்ல, அதான்" என்பார் ஏழுமலை. ஆய்வு முடிந்த சாயங்காலமே பூசணிக்காய் சுற்றி உடைப்பார். நாங்களும் நம்பினோம். ஆய்வுக்குப் பிறகுதானே நடக்கிறது, திருஷ்டியாகத்தான் இருக்கும் என்று பட்டறையில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நான்கூட ஒரு முறை எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஆய்வு முடிந்த பிறகு மரக்காணம் சாலையில் அவர் ஜீப்புக்குக் குறுக்கே ஆடு வந்தது. மிதித்திருக்கிறார், பெடல் கீழே போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது முறை மிதிப்பதற்குள் ஜீப் சாலையை விட்டு இறங்கி உப்பளத்து வாய்க்காலுக்குள் போய் நின்றது. இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு எங்களுக்குப் போன் செய்தார். "ஜல்தி வாங்கப்பா, ஊறுகா ஆயிடப் போறேன்" என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டேதான் மீட்பு வண்டியை எடுத்துப் போனோம். ஜீப்பைத் தூக்கித் தண்ணீர் வடிந்த பிறகுதான், உப்புத் தண்ணீர் ஆயிலைக் கழுவிவிட்ட இடத்தில் உண்மை தெரிந்தது. சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் சிலிண்டரின் ரப்பர் பிய்ந்து, ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அது நேற்றுப் பிய்ந்த ரப்பர் இல்லை. ஆய்வில் அத்தனை பேர் குனிந்து பார்த்தபோதும் அது சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. யார் கண்ணும் படவில்லை, அதுதான் திருஷ்டி.

அன்றைக்கு எழுந்து நின்று சிரித்த மனிதருக்கு முதுகில் அடி. பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இடுப்புக்குக் கீழே பலம் போய், இப்போது திருவாமாத்தூரில் மகள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் போய்ப் பார்ப்பேன். அரசியல், மழை, மல்லாட்டை மூட்டை விலை என்று பேசிக்கொண்டிருப்போம். அப்போது அவருடைய வலது கால், அந்தப் பலமில்லாத கால், தரையை ஒரு முறை அழுத்தும், உடனே இன்னொரு முறை அழுத்தும். அவருக்கே தெரியாது. நான் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இப்போது போன வாரம் நடந்த உன் ஆய்வு நாளுக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்களுக்கு மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். உன் வேன் உள்ளே நுழைந்தபோது வெயிலில் கண் கூசியது. தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், நம்ம பையன் என்றேன். அந்தப் பளபளப்பு ஆசை உனக்கு வேறு யாரிடமிருந்தும் வரவில்லை, என்னிடமிருந்துதான். அடுத்த நிமிஷம் நீ கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினாய். பிரேக் மிதித்தால் எந்த வண்டியும் மூக்கைக் கொஞ்சம் குனியும். உன் தோள் ஒரு முறை முன்னால் போனது, வண்டி குனியவில்லை. தோள் இன்னொரு முறை போனது, அப்போதுதான் குனிந்து நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் அழகாகக் கோட்டில் நிறுத்தினான் என்றார்கள். ஆயில் ஒழுகுகிற பிரேக்தான் முதல் மிதிக்குப் பிடிக்காமல் இரண்டாவது மிதிக்குப் பிடிக்கும்.

அதிகாரி உன்னிடம் கேட்டார், நினைவிருக்கிறதா? நல்ல மனிதர், வண்டியை ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்தார், இறங்கிக் குனிந்தும் பார்த்தார். "பிரேக் எப்படிப்பா?" என்றார். "சூப்பரா இருக்குதுங்க ஐயா" என்று சொன்னாய். காலி வண்டி, சமமான மைதானம், நடக்கிற வேகம். அங்கே எந்த பிரேக்கும் சூப்பராகத்தான் இருக்கும். உன்னை அதிகாரியின் வண்டிக்கு டிரைவராக எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வாயிலிருந்து அந்த நேரத்தில் வேறு பதில் வராது. நான் உன் வயதில் இருந்திருந்தால் எனக்கும் வந்திருக்காது.

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு உன்னிடம் வந்தேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். நான்தான் என்றைக்கு நாலு பேர் இல்லாத இடம் பார்த்துப் பேசினேன்? "பிரேக் ஆயில் ஊத்துனியா?" என்றேன்.

"கொஞ்சூண்டு கொறஞ்சிருந்திச்சி, ஊத்தினேன்."

"அதுக்கு முன்ன?"

"அதுக்கு முன்ன ஒருவாட்டி. இன்னாப்பா நீ, எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க, சும்மா பேஜாரு பண்ணாத."

"ஊத்துற ஆயிலு எங்கடா போவுது? ராத்திரியில நீ எடுத்துக் குடிக்கிறியா?"

உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். உன் முகம் கறுத்தது. நான் அதையும் கவனிக்காமல் முட்டி போட்டு வேனுக்கு அடியில் கையை விட்டேன். எங்கே தொட்டாலும் ஆயில். பழக்க தோஷத்தில் விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோனேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "மூக்கே வேல செய்யல, இதுல மோந்து வேற பாக்குற. ரிட்டயர்டு ஆயிட்டல்ல, வூட்ல போயி குந்துப்பா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்கத் தெரியவில்லை. நீ சொன்னது பொய் என்றால் வலித்திருக்காது.

என் மூக்கைப் பற்றி உன் கூட்டாளிகளுக்குத் தெரியாதில்லையா, சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு திரிந்த அந்தக் காலத்தில் வந்த காய்ச்சல் என் வாசனையை எடுத்துக்கொண்டு போனது. நாக்கு திரும்பி வந்தது, மூக்கு வரவில்லை. அடுப்பில் பால் தீய்ந்து கரியாகிறபோது பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கு முன்பெல்லாம் பட்டறையில் ஒழுகல் என்றால் வேஸ்ட் துணியில் தொட்டு என்னிடம்தான் நீட்டுவார்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் தனித்தனி வாடை. கண் ஏமாறும், மூக்கு ஏமாறாது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். ஆண்டவன் சரியான இடம் பார்த்துக் கை வைத்தான்.

அதில் பிரேக் ஆயில் வாடையை உன் அம்மாதான் எனக்கு அடையாளம் காட்டினாள். கல்யாணமான புதிது. மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில், கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவளை விழுப்புரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தேன். இந்த ஊர் மீன் அவளுக்கு மீனாகவே தெரியாது. ஒரு நாள் வேலை முடித்து வந்து வாசலில் நிற்கிறேன், உள்ளேயிருந்து சந்தோஷமாகக் குரல் வருகிறது, "இன்னா மீனு வாங்கினு வந்தீங்க?" என்று. என் கையில் ஒன்றும் இல்லை. ஓடிவந்து பார்த்தவள் முகம் வாடிப்போனது. கையை முகர்ந்து பார்த்தேன். அன்றைக்குப் பூராவும் ஒரு வேனின் பிரேக்கைப் பிரித்து வேலை பார்த்திருந்தேன், அந்த ஆயிலின் வாடை உண்மையிலேயே மீன் கவிச்சிதான். அதற்குப் பிறகு பிரேக் வேலை பார்த்த நாளெல்லாம் மார்க்கெட்டுக்குப் போய்க் கால் கிலோ மீனாவது வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டேன். அவளை ஏமாற்ற மனசு வராது. நீ சின்ன வயசில் தின்ற மீன் குழம்பில் பாதி யாரோ ஒரு போலீஸ் வண்டியின் பிரேக் கெட்டதால் வந்ததுதான்.

உன் வார்த்தைக்குப் பிறகு சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. இன்று காலை திண்டிவனம் வந்தேன், அது உனக்குத் தெரியாது. ஸ்டேஷன் பக்கத்து மரத்தடியில் வேன் நின்றது. பாராக் காவலர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க ஐயா, தம்பி சாப்பிடப் போயிருக்காப்ல, குந்துங்க" என்றார். நான் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். மற்றதைவிட அதிகம் நனைந்திருந்த இடது சக்கரத்தின் உள்பக்கத்தைப் பழைய செய்தித்தாளால் சுத்தமாகத் துடைத்து எடுத்தேன், சொட்டு ஈரமில்லாமல் துடைத்தேன். பிறகு எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்தேன். திரும்பி வந்து, தோளில் இருந்த துண்டால் அதே இடத்தைத் துடைத்தேன். துண்டு நனைந்தது.

அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். மேலே பீய்ச்சி அடித்த ஆயில் வெயிலுக்கு இளகிக் கீழே வழிந்ததாகவும் இருக்கலாம். விரலில் தேய்த்துப் பார்த்தேன், பிரேக் ஆயில் என்றால் தண்ணீரில் கரையும் என்று துண்டின் ஓரத்தைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். வாட்டர் சர்வீஸ் சோப்பும் மண்ணும் சேர்ந்து எதையும் சொல்லவிடவில்லை. ஒரு முறை முகர்ந்தால் தெரிந்துவிடும். என்னால் அது முடியாது. அப்போதுதான் சாலைக்கு அந்தப் பக்கம் நீ கூட்டாளிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். நின்று சொல்லியிருக்கலாம். நின்றால் மறுபடியும் என் மூக்கைப் பற்றித்தான் பேச்சு வரும் என்று தோன்றியது. பெற்ற பிள்ளைக்குப் பயந்து, நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் திருடன் மாதிரி நழுவி வந்துவிட்டேன். துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டு வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நீ திரும்பி வரும்வரை அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள்.

உன் அதிகாரிகளிடம் நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் உனக்கு மெமோ வரும். ஆய்வில் பாராட்டு வாங்கிய வண்டி மறு வாரமே ஒழுகுகிறது என்றால், டிரைவர் தெரிந்தே மறைத்தான் என்றுதான் எழுதுவார்கள். அதிகாரி வண்டி டிரைவர் வேலை போய்விடும். அதனால் முதலில் உன்னிடம் சொல்கிறேன். நீயே போய், ஐயா, பெடல் இறங்குகிறது, பார்க்கவேண்டும் என்று சொல்லிவிடு. சொன்னால் வாங்கும் திட்டு ஒரு நாளில் காய்ந்துவிடும். நாளை செஞ்சி மலை ஓரம் வளைவுகளில் நிறைந்த வண்டியோடு இறங்குவாய். அதைத் தாண்டினால் சாலை முழுக்க ஜனம், தோளில் குழந்தையோடு நடந்து வருவார்கள், எதையும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அம்மா தாயே என்று கும்பிட்டுக்கொண்டே நடுரோட்டில் போவார்கள். நீ விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இருப்பாய். இரண்டாவது மிதிக்கு நிற்கிறதே என்று தைரியமாக இருக்காதே. இரண்டாவது மிதிக்கு இடமில்லாத நேரம் ஒன்று வரும், அது சொல்லிக்கொண்டு வராது. வண்டியில் புது எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறாய், காலையில் பார்த்தேன். கட்டு, தப்பில்லை. ஆனால் எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்காது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அது கிடக்கட்டும். நீ வண்டியை விட்டுவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்து, ஒண்ணுமில்ல, டீசல்தான், உனக்குப் பைத்தியம் என்று சொல்லிச் சிரிப்பாயானால் உன் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் நானே டீ வாங்கித் தருகிறேன். மறுபடியும் மூக்கைப் பற்றிப் பேசினாலும் பரவாயில்லை. அம்மா வருகிற சத்தம் கேட்கிறது. மிச்சத்தைப் பஸ்ஸில் எழுதிக்கொள்கிறேன்.

தம்பி, பஸ்ஸில் இல்லை. இன்னும் வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் போட்டாள். "இன்னாங்க இது, நாளிக்கு அமாவாசய வெச்சிக்கினு மீன் வாங்கினு வந்திருக்கீங்க? வூடே கவிச்சி அடிக்குது."

நான் மீன் வாங்கவில்லை என்றேன்.

"யாருகிட்ட சொல்றீங்க? கடக்கரையில பொறந்தவளுக்கு மீன் வாட தெரியாதா? எங்க வெச்சிருக்கீங்க, மொதல்ல எடுத்து வெளிய போடுங்க."

அவள் நின்ற வாசல் ஆணியில்தான் அந்தத் துண்டுப் பை தொங்கியது. அதற்குப் பிறகு உன்னைக் கேட்டு முடிவெடுக்க நான் காத்திருக்கவில்லை. திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். பின்பக்க பிரேக் ஒழுகுகிறது, வேனை எடுக்கவிடாதீர்கள், என் பையனுக்கு மெமோ கொடுத்தாலும் சரி என்றேன். மறுமுனையில் இருந்தவர் யாரையோ கூப்பிட்டு விசாரித்தார். பிறகு, "வேன் இப்பதாங்க கெளம்பிச்சு ஐயா. கூட்டம் இன்னிக்கே வந்துகினு இருக்குதாம், இன்னிக்கே வரச் சொல்லிட்டாங்க. எல்லாரையும் ஏத்திக்கினுதான் போயிருக்காப்ல" என்றார். வயர்லெஸ் மைக்கில் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். சொல்கிறோம், செஞ்சி பக்கம் போய்விட்டால் மைக் சரியாக எடுக்காது, நீங்களும் தம்பி செல்லுக்குப் போடுங்கள் என்றார்.

போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா, கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. மணி போகிறது, நீ எடுக்கவில்லை. கோபத்தில் எடுக்காமல் இருக்கிறாயா, ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது தொடாதே என்று நான் சொன்னதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் உன் அம்மா பாத்திரம் பாத்திரமாகத் திறந்து மீனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மறுபடியும் அடிக்கிறேன். யார் கூப்பிட்டாலும் எடுக்காதே, உன் அப்பன் கூப்பிட்டாலும் எடுக்காதே என்று சொன்னவன் நான்தான். இந்த ஒரு முறை மட்டும் அப்பன் பேச்சைக் கேட்காதே.

எடு, தம்பி.